அந்த நாளுக்குரிய பாட்டு

நம் பாடகர் சங்க மலர்க் குழுவின் மூத்தவர்கள் கேட்டு மறுக்க முடியாமல் எழுதுகிறேன். கேரல் ஆராதனையில் சோப்ரானோ தனிப்பாடலாக எதைப் பாடுவது? ஒவ்வோர் அக்டோபரிலும் நம் ஒத்திகை அறையில் எழும் இந்தக் கேள்விக்குத் திருவனந்தபுரத்தில் மூன்று வழியினர் மூன்று விடை சொல்லி வந்திருக்கிறார்கள். யார் யாரிடம் பயின்றவர் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. அவர்கள் போற்றிய அளவுகோல்களை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

முதலாவது கீர்த்தனை வழி. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தமிழில் போட்ட தடம் அது. மலையாளத்தில் நெய்யாற்றின்கரைப் பக்கத்து மோசவத்ஸலம் சாஸ்திரியாரை (1847–1916) அதே வீட்டுப் பிள்ளையாகத்தான் நம் பெரியவர்கள் கொண்டாடினார்கள். இவர்களுக்குச் சொல் சுத்தமே முதல் இலக்கணம். கடைசி வரிசைப் பாட்டிக்கு வார்த்தை விளங்காவிட்டால் எத்தனை இனிய குரலுக்கும் பாராட்டுக் கிடையாது.

இரண்டாவது, கத்தோலிக்க நண்பர்கள் பேணிய லத்தீன் வழி. மூச்சு எங்கே எடுத்தார் என்று தெரியாதபடி ஒரே நூலாகப் பாடுவது அவர்களுடைய தரம். மொசார்ட்டின் ‘எக்ஸுல்டாடே, யூபிலாடே’ அங்கே மகுடம். 1773 ஜனவரி 17-ல் மிலானில் அது முதன்முதலாகப் பாடப்பட்டபோது மொசார்ட்டுக்குப் பதினேழு வயது நிறையப் பத்து நாள் இருந்தது. அதன் ‘அல்லேலூயா’வைக் கேட்டுச் சிலிர்க்காதவர் இல்லை. ஆனால் அது எந்தப் பண்டிகைக்கும் பொதுவான மகிழ்ச்சி. பெத்லகேமின் கதை அதில் இல்லை.

மூன்றாவது சோல்ஃபா வழி. 1809-ல் மயிலாடியில் ஆலயம் கட்டிய லண்டன் மிஷனரி சொசைட்டி (எல்.எம்.எஸ்.), 1906-ல் எழுந்த மெட்டீர் நினைவாலயம் என்று நீளும் பரம்பரையில் நான் வளர்ந்தவள். ஆகவே சற்றுப் பாசத்தோடு பேசினால் பொறுத்தருள வேண்டும். எங்களுக்கு ‘டோ’ ஓரிடத்தில் நிற்பதில்லை. சுருதி எங்கே போனாலும் சுரங்களின் உறவு மாறாமல் மனத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும். வாத்தியம் ஓய்ந்த பிறகும் குழு இறங்காமல் நிற்பதே எங்கள் தேர்வு.

எங்கள் டீச்சர் இந்த மூன்று அளவுகோலையும் ஒரு பாட்டில் கேட்பார். எதைக் கொண்டுபோனாலும் அவருடைய முதல் கேள்வி, “அன்றைக்கு என்ன வேதபாடம்?” என்பதுதான். பத்தொன்பது வயதில், மேல் ஸி-யைத் தொட்டுக் காட்டும் ஆசையில் அந்த ‘அல்லேலூயா’வைக் கேட்டு நின்றேன். அவர் ஹாண்டெலின் ‘மெசையா’வைத் திறந்து, மேய்ப்பர் காட்சியிலுள்ள நான்கு சிறு ரெசிட்டேட்டிவ்களைக் காட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பாட்டென்று சொல்லக்கூட நீளமில்லாத துண்டுகள்!

ஹாண்டெல் அங்கே செய்திருப்பதைப் பாடிய இரவில்தான் உணர்ந்தேன். வழக்கமாகப் பாடும் அமைப்பில் டெனரும் பாஸும் ஆல்டோவும் பாடி முடிக்கும்வரை சோப்ரானோ தனிக்குரல் காத்திருக்கிறது. வயலின்கள் மேய்ப்பரின் குழலிசைபோல் ஒலித்து ஓய்ந்த பிறகுதான் அது முதன்முறையாக எழுகிறது, தேவதூதரின் செய்தியோடு. நான்கு துண்டும் முடிந்ததும் குழு முழுவதும் மகிமைப் பாட்டோடு உள்ளே பாய்கிறது. பாடியவளை அப்போது யாரும் பார்ப்பதில்லை, செய்திதான் நிற்கிறது. ஆலயத்தில் ஒரு தனிப்பாடலுக்கு இதைவிட மேன்மை எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேலும் திறமை காட்ட வேண்டுமா? அடுத்து வரும் சீயோன் குமாரத்தியின் களிப்புப் பாட்டு, குரலோட்டம் உள்ளவரையும் நன்றாகவே சோதிக்கும்.

நாளறிந்து பாடுவது நம் ஊருக்குப் புதிதன்று. கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி என்று ஒன்பதாம் நாள் ஆரபிவரை சுவாதித் திருநாள் கிருதிகள் வகுத்தபடியே ஒலிக்கின்றன. எவ்வளவு பெரிய வித்வானும் அந்த ஒழுங்குக்கு உட்பட்டே பாடுகிறார்.

இனி, மனத்தில் கிடக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் குறித்துச் சொல்லவில்லை. இளையவர்களில் அருமையான குரல்கள் உண்டு. ஆனால் ‘மெசையா’வின் மூன்றாம் பாகத்து உயிர்த்தெழுதல் பாட்டு டிசம்பரில் ஏன் வருகிறது? அடோல்ஃப் ஆடம் 1847-ல் தந்த ‘ஓ ஹோலி நைட்’ நல்ல பாட்டுத்தான். அதைக் கடைசி உச்சத்துக்காக மட்டும் எடுத்து, எட்டாத இடத்தில் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவது என்ன நியாயம்? எங்கள் தலைமுறை மனத்தால் நகர்த்திய ‘டோ’வை இன்று விரல் நகர்த்துகிறது. அந்தப் பொத்தான் வந்தது. கூடவே டிராக் வந்தது. டிராக்கை மிஞ்ச மைக் வந்தது. ஆர்கன் மூடிக் கிடக்கிறது. சோல்ஃபா படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். மிஷன் வீட்டு அம்மாமார் கரும்பலகையில் எழுதிப்போட்டு வளர்த்த செவி, நான்கு தலைமுறை கைமாற்றித் தந்த செவி, நம் காலத்தில் அவிந்துபோகுமானால் வரும் சந்ததிக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? இரவில் தூக்கம் கெட இது போதும் எனக்கு.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். முன்போல அக்டோபர் முதல் ஒத்திகையில் தனிப்பாடல் தேர்வு நடக்கட்டும். மைக் வேண்டாம், டிராக் வேண்டாம். பாடுகிறவர் முதலில் அன்றைய வேதபாடத்தை உரக்க வாசிக்கட்டும், பிறகு பாடட்டும். முடிந்ததும் சுருதி நின்ற இடத்தில் நிற்கிறதா என்று பார்ப்போம். டீச்சர் எனக்குத் தந்த டியூனிங் ஃபோர்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்குக் கொண்டுவருகிறேன்.