எதையும் கொடுக்காத கலம்

பாத்திரம் எதுவாயினும் அது நமக்குத் தருவதை வைத்தே அதைப் புகழ்ந்து பழகிவிட்டோம். மண்பானை தண்ணீருக்குக் குளிர்ச்சி தருகிறது என்போம். மண்சட்டி மீன்குழம்புக்குச் சுவை சேர்க்கிறது என்போம். கலத்தின் மண், உள்ளிருக்கும் பொருளோடு உறவாடுவதையே மட்கலத்தின் சிறப்பாகக் கொண்டாடும் மரபு நம்முடையது. இதற்கு நேர்மாறாக, உள்ளே இருப்பதற்குத் தன்னிடமிருந்து அணுவளவும் கொடுத்துவிடக் கூடாது என்பதையே முதற்கடமையாகக் கொண்ட மட்கலமும் உண்டு. பூச்சிகளைப் பிடித்துண்ணும் செடிகளுக்கென்று இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குயவர்கள் சிலர் கையால் வனைந்து, சுட்டு, விற்கும் தொட்டிகளைத்தான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தென் இங்கிலாந்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் மூன்று வாரங்கள் தங்க நேர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டின் பின்புறம் சிறியதொரு கண்ணாடிக் குடில். அதற்குள் நாற்பது செடிகள் இருக்கலாம். பெரும்பாலானவை கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் நின்றன. ஏழெட்டு மட்டும் கைவினைக் கலங்களில். காலைதோறும் தேநீர்க் கோப்பையுடன் அவற்றைச் சுற்றிவந்ததன் விளைவே இக்கட்டுரை. கைவினைப் பொருளை எவ்வாறு மதிப்பிடுவது என்பது பற்றி நான் கொண்டிருந்த எண்ணம் அந்தக் குடிலில் சற்று ஆட்டம் கண்டது.

முதலில் செடியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கே தீர்ப்பு வழங்குவது செடிதான். வீனஸ் ஈப்பொறி என்னும் செடியின் தாயகம், அமெரிக்காவின் வட கரோலினாவில் வில்மிங்டன் நகரைச் சூழ்ந்த மணற்பாங்கான ஈரநிலம். உயர்ந்த குழல்களைப் போல் இலை விடும் சரசீனியாக்களில் பெரும்பாலானவை அந்நாட்டின் தென்கிழக்குச் சதுப்புகளில் வாழ்பவை. நம் நாட்டு மருத்துவர்கள் அழுகண்ணி என அழைக்கும் சிறு பூண்டும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. தரையோடு ஒட்டி, இலை முழுதும் பசைத்துளிகள் மின்ன அது கிடப்பதை மழைக்குப் பின் நம்மூர் ஈரமணலில் கண்டிருப்பீர்கள். கண்டும் பெயரறியாமல் கடந்திருப்பீர்கள். இவை அனைத்துக்கும் பொதுவானது வறுமை. இவை வேரூன்றிய மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரசும் அரிது. அக்குறையை ஈடுசெய்யவே இலை பொறியாயிற்று, குழலாயிற்று, பசையாயிற்று. அந்த வறுமைக்கே பழகிப்போன வேர், வளமான மண்ணையும் உப்பு மிகுந்த நீரையும் தாங்குவதில்லை. நமக்கு நன்மை செய்யும் சுண்ணச்சத்து நிறைந்த குழாய்நீர் இதற்கு மெல்லக் கொல்லும் நஞ்சு. மழைநீரைப் பிடித்து ஊற்றுவார்கள்; அல்லது வாலைவடித்த நீர்.

இச்செடிகளுக்கு வாய்த்த கலங்களுள் நான் அறிந்தவரை மிகுந்த புகழுக்குரியது எந்தக் கலைஞரும் வனைந்ததன்று. சார்லஸ் டார்வின் 1860-ஆம் ஆண்டுக் கோடையில் சசெக்ஸ் பகுதியின் புதர்வெளியில் அழுகண்ணியின் உறவான வட்ட இலைச் செடியைக் கண்டு வியந்தார்; 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இலை இறைச்சியைச் செரிக்கிறது என்று அவர் காட்டிவிட்டார். ஆனால் அதனால் செடிக்கு உண்மையில் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு விடை போதவில்லை. அவருடைய மகன் பிரான்சிஸ் டார்வின் 1877-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏறக்குறைய 200 செடிகளைப் பெயர்த்துவந்து, பாசி நிரப்பிய சூப் தட்டுகளில் நட்டார். ஆம், உணவு மேசையில் சூப் பரிமாறும் அதே தட்டுகள்தான்! ஒவ்வொரு தட்டையும் தாழ்வான மரத்தடுப்பால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இறைச்சித் துணுக்குகளை ஊட்டினார், மறுபாதியைப் பட்டினியிட்டார். பறக்கும் பூச்சிகள் வந்து கணக்கைக் கெடுக்காதபடி மேலே வலை மூடினார். பருவ முடிவில் விதைகளை நிறுத்துப் பார்த்தபோது, பட்டினிப் பாதியின் எடை 100 என்றால் ஊட்டம் பெற்ற பாதியின் எடை ஏறக்குறைய 380.

தட்டுக்கு இங்கே என்ன வேலை? ஒன்றுமில்லை, அதுதான் அதன் மேன்மை. வழுவழுப்பான மெருகிட்ட பரப்பு தன்னிடமிருந்து எதையும் கசியவிடாமல் இருந்தது. கலம் ஒரு சிறிது உப்பையேனும் ஒரு பாதிக்கு ஊட்டியிருந்தால், இறைச்சியின் கணக்கும் கலத்தின் கணக்கும் பிரித்தறிய முடியாதபடி குழம்பியிருக்கும். அடியில் துளையற்ற தட்டு ஒரு கோடைக்குத்தான் உதவும், பல்லாண்டுக்கு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர் ஆவியாகிப் போகும். நீரில் இருந்த சிறு உப்பு போகாது. ஆண்டுக்கணக்கில் வாழவேண்டிய செடிக்கு அடியில் துளை வேண்டும். மேலிருந்து பெய்யும் மழை உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேற வழி வேண்டும்.

நண்பரின் குடிலுக்கு வருவோம். கண்ணை முதலில் இழுத்தது ஒரு பச்சைச் சாடி. யாரோ அவருக்குப் பரிசாகத் தந்தது. செம்பின் பச்சை நிறம் மெருகில் உருகி வழிந்து, அடிவிளிம்பில் துளியாக உறைந்திருந்தது. வயிறு பருத்து, கழுத்து குறுகி, வாய் சற்றே விரிந்து, கெண்டிச்செடியின் கெண்டியையே மண்ணில் வனைந்தது போன்ற வடிவம். ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்திருந்தால் நானும் நின்று புகழ்ந்திருப்பேன். அதில் நட்ட வீனஸ் ஈப்பொறி இரண்டாம் ஆண்டில் கறுத்து மடிந்தது என்றார் நண்பர்.

காரணத்தை அவரே காட்டினார். சாடியின் வெளிப்புறம் மட்டுமே மெருகிடப்பட்டிருந்தது. உட்புறம் குறைந்த சூட்டில் வெந்த வெறும் மண். நீரை உறிஞ்சும் மண். மழை பொய்த்த ஒரு கோடையில் சில வாரங்கள் குழாய்நீர் ஊற்ற நேர்ந்தது. அந்தச் சுண்ணத்தைச் சுவர் குடித்துவைத்துக்கொண்டது. பின்பு எத்தனை மழைநீர் ஊற்றியும் சிறுகச் சிறுகத் திருப்பித் தந்துகொண்டே இருந்தது. உள்விளிம்பில் வெள்ளைப் பொருக்கு எனக்கே தெரிந்தது. இச்செடிக்குக் குளிர்கால உறக்கமும் தேவை. ஆகவே உறைபனியிலும் வெளியே இருந்தாக வேண்டும். ஈரம் குடித்த சுவர் பனியில் உறைந்து, அடியில் ஓடோடாகப் பெயர்ந்திருந்தது. போதாக்குறைக்கு, இரண்டொரு ஆண்டுக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டிய செடியை அந்தக் குறுகிய கழுத்தின் வழியே முழுதாக எடுக்கவும் இயலாது. வேரை உடைக்க வேண்டும், அல்லது சாடியை.

செம்புப் பச்சையைப் பற்றியும் ஒரு சொல். சரியாக வேகாத செம்பு மெருகு, புளித்தன்மையுள்ள நீரில் கரைந்து கசியக்கூடியது. சதுப்பின் மட்கிய பாசிமண்ணோ இயல்பிலேயே புளிப்பு மிக்கது. இதை அறிந்த குயவர் மெருகை உள்ளே பூசாமல் விட்டிருக்கலாம் என்று அவர் பொருட்டு வாதாட எண்ணினேன். ஆனால் அறிந்தவர் மண்ணையல்லவா முதலில் மாற்றியிருப்பார்?

நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியை இங்கே நினைத்துக்கொண்டேன். மேலே பழுப்பு, கீழே வெண்மை. எந்த அழகுக்காகவும் பிறந்ததன்று. ஏறக்குறைய 1200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் கல்லாக இறுகிய அதன் உடம்பு, உப்பும் புளிப்பும் உள்ளிருந்து வெளியே வராமல் காக்கிறது. அதே உடம்பு உப்பை வெளியிலிருந்து உள்ளே விடாமலும் காக்கும். பூச்சியுண்ணும் செடிக்குப் பொருத்தமான மட்கலம் பரணில் இருக்கும் இந்தச் சாடிக்குத்தான் நெருங்கிய உறவு. பூஞ்சட்டிக்குத் தூரத்து உறவே.

இவ்வாறு ஒரே விதியாகச் சொல்லி முடித்துவிட விடாத செடி ஒன்றும் அக்குடிலில் இருந்தது. போர்ச்சுகல், ஸ்பெயின், மொராக்கோ நாடுகளின் வறண்ட சரிவுகளில் வளரும் டுரோசோபில்லம். இதற்கு வேரைத் தொட்டாலும் ஆகாது, வேர் நனைந்து கிடந்தாலும் ஆகாது. ஆங்கிலேயரான ஏட்ரியன் ஸ்லாக்கின் பெயரால் வழங்கும் ஒரு முறையை இதற்குப் பின்பற்றுகிறார்கள். மெருகிடாத சிறு மண்தொட்டியில் செடி. அத்தொட்டி பெரியதொரு தொட்டிக்குள். இரண்டுக்கும் இடையே ஈரப்பாசி. நீரை இடைவெளிக்கு மட்டும் ஊற்றுவார்கள். சிறு தொட்டியின் சுவர் வேருக்குத் தேவையான அளவே ஈரத்தைக் கசியவிடும். நம் உழவர் கன்றின் அருகே பானையைப் புதைத்து நீர் நிரப்பிவைக்கும் பாசனத்தைத் திருப்பிப்போட்டால் இதுதான். அங்கே நீர் பானைக்குள், வேர் வெளியே. இங்கே வேர் உள்ளே, நீர் வெளியே. பச்சைச் சாடியில் எது குற்றமாயிற்றோ அதுவே இங்கே குணம். ஆகவே நுண்துளை நல்லதா கெட்டதா என்று கேட்பவர் இன்னும் செடியைப் பார்க்கவில்லை என்றே பொருள். எனக்கு அந்த எளிய இரட்டைத் தொட்டி, குடிலின் மற்றெல்லாக் கலத்தினும் அழகாகப் பட்டது.

பெர்னார்டு லீச்சும் ஹமாடா ஷோஜியும் 1920-இல் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்சில் சூளை அமைத்தது முதலாக, பயன்பாட்டிலிருந்தே அழகு பிறக்கும் என்னும் கொள்கை ஆங்கிலக் குயவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஜப்பானில் யனாகி சோயெட்சு வலியுறுத்தியதும் அதையே. கிண்ணத்திலும் கூஜாவிலும் இக்கொள்கையைப் போற்றும் கைகள், இந்தச் செடி என்றதும் அதை மறந்துவிடுவது ஏன்? ஈப்பொறிக்கென்று பற்கள் நீட்டிய வாய் வைத்த தொட்டிகளைச் செய்கிறார்கள்; கெண்டிக்கென்று கெண்டி வடிவத் தொட்டிகளைச் செய்கிறார்கள். செடி வியப்பானது என்பதால் கலமும் வியப்பூட்ட வேண்டும் என்ற மயக்கம் போலும். சரசீனியாவின் இலையே ஒரு கலம். மூடியும் விளிம்பும் சிவந்த நரம்புகளும் உடைய, மனிதக் கை எட்டாத கலம். அதன் கீழே அதைப் பார்த்து வனைந்த இன்னொன்றை வைத்தால் இரண்டும் ஒன்றோடொன்று வழக்காடுகின்றன. தோற்பது எது என்பதில் ஐயமில்லை.

அப்படியானால் பிளாஸ்டிக்கே போதுமே என்று நண்பரைக் கேட்டேன். செடிக்குப் போதும் என்றார் தயக்கமின்றி. அது எதையும் கொடுப்பதில்லை, எதையும் குடிப்பதில்லை, விலையும் மலிவு. கைவினைக் கலம் இந்த எளிய எதிரியை வென்றாக வேண்டும். வெல்ல வழியும் உண்டு. முழங்கால் உயரத்துக்கும் மேல் வளரும் சரசீனியா காற்றில் சாயும்போது இலேசான பிளாஸ்டிக் தொட்டி உடன் சாய்கிறது. கனத்த கல்மண் தொட்டி நிற்கிறது. வெயிலில் கறுப்புப் பிளாஸ்டிக் காய்ந்து வேரைச் சுடுகிறது. தடித்த சுவர் அச்சூட்டைத் தாமதப்படுத்துகிறது.

இவ்விரண்டையும் உணர்ந்து செய்த கலம் ஒன்றே ஒன்று அங்கிருந்தது. சாம்பல் நிறம். ஒரு சாண் உயரம், வேர் இறங்குவதற்காக. வாயிலிருந்து அடிநோக்கிச் சற்றே ஒடுங்கும் நேரான சுவர். கவிழ்த்துத் தட்டினால் மண் முழுதாக வெளிவரும். அடியில் மூன்று துளைகள். நீர் தடையின்றிப் புக மூன்று குட்டைக் கால்கள். உள்ளும் புறமும் ஒரே இறுக்கம். மெருகைத் தோய்த்தெடுத்தபோது குயவரின் விரல்கள் பற்றிய தடம் மட்டும் காலருகே நிறம் மாறித் தெரிந்தது. அதில் வெண்தலைச் சரசீனியா ஒன்று பதினொரு ஆண்டுகளாக நிற்கிறது என்றார். அதுவரை ஒருநாளும் நான் அந்தத் தொட்டியைக் கவனித்ததில்லை, செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சைச் சாடியை அவர் எறிந்துவிடவில்லை. குடிலின் கதவருகே, தோட்டக் கத்தரிகளும் நூற்கண்டும் அதில் கிடந்தன.