ஒரு நைலான் இழையும் ஒரு வெள்ளைத் தழும்பும்

எலியின் மூளை ஏறக்குறைய 2 கிராம் எடை கொண்டது. அதில் பக்கவாதத்தை உண்டாக்க ஆய்வகங்கள் நம்பியிருப்பது, அறுவைத் தையலுக்குப் பயன்படும் நைலான் இழையைத்தான். 1989-இல் லோங்காவும் சக ஆய்வாளர்களும் விவரித்த முறையில், அதன் நுனியைச் சுடரருகே காட்டி மழுங்கச் செய்வார்கள். கழுத்துத் தமனி வழியாக உள்ளே செலுத்தி, நடுமூளைத் தமனியின் வாயை அடைப்பார்கள். நுனி கூர்மையாக இருந்தால் குழாய் கிழியும், மெலிந்திருந்தால் அடைப்பு நிற்காது. இழையை உருவினால் இரத்தம் திரும்பவும் பாயும் என்பது இம்முறையின் அழகு.

அடைப்புக்குப் பின் நடப்பதைக் காட்டுவது எம்ஆர்ஐ. இரத்தம் நின்றால் செல்லின் சோடியம் பம்பு ஓய்கிறது. நீர் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. புதுவயல் அரிசி ஆலைத் தொட்டியில் ஊறும் நெல் உப்பி, மணிகளுக்கிடையே இடம் குறைவதைப் போல, செல்களின் இடைவெளியும் சுருங்குகிறது. நீர் மூலக்கூறுகள் தாராளமாக அலைய முடிவதில்லை. இந்த அலைச்சலை அளக்கும் எம்ஆர்ஐ வகையான விரவல் படத்தில் அப்பகுதி வெண்மையாகத் தெரியும். 1990-இல் மோஸ்லி குழுவினர் பூனைகளில் இதை 45 நிமிடத்திலேயே கண்டனர்; வழக்கமான டி2 படம் 2 முதல் 3 மணி நேரம் வரை தெளிவாக எதையும் காட்டவில்லை. இன்று மருத்துவமனைகளில் பக்கவாத நோயாளிக்கு எடுக்கும் விரவல் படத்தின் வேர் இங்கிருக்கிறது.

எம்ஆர்ஐ கொண்டு அதே விலங்கை நாள்தோறும் படமெடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேறு எலியைக் கொன்று மூளையைச் சீவ வேண்டியதில்லை. இந்தியாவில் இத்தகைய ஆய்வுக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு ஒப்புதல் தர வேண்டும். ஆனாலும் எலி மூளையின் புறணி வழவழப்பானது, மனித மூளையின் மடிப்புகள் அதில் இல்லை. எலியில் பலித்த மருந்துகள் பல மனிதரிடம் பலிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.