சர்வதேசப் பள்ளியில் ஆங்கில இலக்கியப் போதனை

பம்பை ஆற்றங்கரையில் அபிராமேசுவரர் எழுந்தருளியிருக்கும் திருவாமாத்தூரிலேதான், லட்சத்துக்கு மேற்பட்ட செய்யுட்களைப் பாடியவர் என்று தமிழுலகம் போற்றும் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) சமாதி கொண்டிருக்கிறார். அந்நிய ஆட்சியில் தேசம் பட்ட துயரத்தைப் பொறாமல் 'ஆங்கிலியர் அந்தாதி' செய்த மகான் அவர். அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அவ்வூருக்குக் கிழக்கே கடலோரத்திலுள்ள புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தரோ, 'சாவித்திரி' என்னும் மகாகாவியத்தை ஆங்கிலத்திலேயே இயற்றினார். ஒருவருக்கு அது ஆள வந்தவர்களின் பாஷை. மற்றவருக்குத் தம் யோக சாதனையைச் சொல்ல வாய்த்த கருவி. இவ்விரண்டு மனோபாவங்களும் இன்றைய ஆங்கில வகுப்பறைக்குள்ளும் குடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1835இல் மெக்காலே எழுதிய குறிப்பிலிருந்து தொடங்கும் ஆங்கிலக் கல்வியின் நீண்ட சரித்திரத்தை இங்கே விரிக்க இடமில்லை. சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளில் 1950களில் பரவிய வாக்கிய அமைப்பு முறை, பிள்ளைகளை ஒரே அச்சு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தது. அதில் அதிருப்தி கொண்டு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் மொழிப் போதனை அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய பரிசோதனை, மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் தானே படியும் என்ற கொள்கையை முன்வைத்தது. நம் நாட்டிலிருந்து உலகத்து ஆசிரியர்களுக்குச் சென்ற அரிய சிந்தனை அது.

புதுச்சேரி ஆசிரமத்தில் 1943இல் தோன்றிய பள்ளி, 1952இல் சர்வகலாசாலை மையமாக வளர்ந்து, 1959இல் ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம் என்று பெயர் பெற்றது. விஞ்ஞானமும் கணிதமும் பிரெஞ்சிலும், இலக்கியமும் சரித்திரமும் ஆங்கிலத்திலும் போதிக்கும் அந்நிலையம் பட்டம் எதுவும் வழங்குவதில்லை. மதிப்பெண்ணுக்காக அன்றிக் கவிதைக்காகவே கவிதையைப் படிக்கலாம் என்று நம் பக்கத்திலேயே மெய்ப்பித்த அதனை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் மனக்குறை.

1901இல் தொடங்கிய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியோ வேறு வழி சென்றது. ஜெனீவாவில் 1968இல் உருவான ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியேட்) பாடத்திட்டத்தை 1976இல் இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது அதுவே. அத்திட்டத்தின் 'மொழியும் இலக்கியமும்' என்ற பாடத்தில், சாதாரண நிலை மாணவன் நான்கு நூல்களையும் உயர்நிலை மாணவன் ஆறு நூல்களையும் கற்கவேண்டும். விளம்பரம், மேடைப்பேச்சு, பத்திரிகைத் தலையங்கம் ஆகியவையும் காவியத்துக்குச் சமமாக ஆராயப்படும். முன்பின் பாராத ஒரு பகுதியைக் கையில் கொடுத்து, எழுதியவர் இச்சொல்லை ஏன் தெரிந்தெடுத்தார் என்று கேட்பார்கள். உரைநூலை உருப்போட்டவன் அங்கே திகைத்து நிற்பான்.

ஆயினும் என் உள்ளம் தங்குவது மற்றொரு விதியிலே. சாதாரண நிலையில் ஒரு நூலேனும், உயர்நிலையில் இரண்டேனும் பிறமொழியிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். ஏ. கே. ராமானுஜன் 1967இல் ஆங்கிலத்தில் தந்த குறுந்தொகைத் தேர்வு அவ்விடத்துக்கு மிகப் பொருந்தும் என்பேன். அதிலுள்ள செம்புலப் பெயனீரார் பாட்டை மூலத்தோடு வைத்துப் பாருங்கள். 'யாய்' என்றால் என் தாய். 'ஞாய்' என்றால் உன் தாய். உறவையும் உரிமையையும் ஒரே சொல்லில் அடக்கிய தமிழை, ஆங்கிலம் இரண்டு சொற்களால்தான் எட்டிப் பிடிக்கிறது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பிறந்த ஒரு பெண் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லும்போது, ஷேக்ஸ்பியரை மட்டுமே கற்ற ஆசிரியரும் அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆங்கிலத்தின் எல்லை எது, ஆற்றல் எது என்பதும் அவளுக்கு அப்போதே விளங்கிவிடும். தாய்மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு வரச்சொல்லும் வகுப்பில் இது நிகழாது.

சர்வதேசப் பள்ளிகளின் ஆசிரியப் பெருமக்களே, வரும் ஆண்டுக்கு நூற்பட்டியல் வகுக்கும்போது அந்த மொழிபெயர்ப்பு இடங்களில் ஒன்றைத் தமிழுக்குக் கொடுங்கள்.