தேவாரத்தை முறையீடாகக் கேளுங்கள்

அப்பா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எந்தப் பாட்டையும் என்னால் கேட்க முடியவில்லை. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற தொனி வந்தாலே அணைத்துவிடுவேன். ஓர் இரவு, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, தருமபுரம் சுவாமிநாதன் பாடிய திருவதிகைப் பதிகத்தைக் கேட்டேன். அதில் தேறுதல் வார்த்தையே கிடையாது. வயிற்றுவலியில் துடிக்கும் ஒருவர், தாங்கவில்லை, தாங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே போகிறார். அன்றுதான் கொஞ்சம் தூங்கினேன்.

தேவாரத்துக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வாசல் இதுதான். முறையீடாகக் கேளுங்கள்.

கதை பலருக்கும் தெரியும். 7ஆம் நூற்றாண்டு. சமணத்துக்குப் போயிருந்த மருள்நீக்கியாரைச் சூலை நோய் பிடிக்கிறது. தமக்கை திலகவதியாரைத் தேடி, கெடில நதிக்கரைத் திருவதிகைக்கு வருகிறார். அங்கே பாடியதுதான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். அப்பர் என்றும் அழைக்கப்படும் திருநாவுக்கரசர் ஆனது அதற்குப் பிறகு.

கேட்கும் முன் பத்துப் பாட்டையும் உரையோடு ஒருமுறை படித்துவிடுங்கள். செய்த பிழை எதுவென்று தெரியவில்லை என்கிறார். பூவையும் நீரையும் தமிழையும் இசையையும் நான் மறந்தவனா என்று வாதாடுகிறார். அப்பர் பதிகங்களின் கடைசிப் பாட்டில் மலையின்கீழ் நசுங்கிய இராவணன் வருவது வழக்கம். இங்கே அந்த வழக்கமே உயிர் பெற்றுவிடுகிறது: அவனை நசுக்கிப் பின் அருளினாயே, வியர்த்துப் புரண்டு விழுந்து எழுகிற என்னைப் பார்க்கமாட்டாயா என்று கேட்கிறார். ஒவ்வொரு பாட்டும் அதிகை வீரட்டானத்து அம்மானை விளிப்பதில் போய் முடியும். பத்துத் தடவையும் அந்த விளி எப்படி விழுகிறது என்று கவனியுங்கள்.

இனி இசை. பண் கொல்லி, கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் இன்று நவரோஸ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஸ் மேல் ஷட்ஜத்தைத் தொடுவதில்லை. கீழ்ப் பஞ்சமத்துக்கும் நடுப் பஞ்சமத்துக்கும் இடையிலேயே உலவும். லாலிப் பாட்டுகளிலும் அதே ராகம் உண்டு. வலியில் இருப்பவரால் குரலை உயர்த்த முடியாது, இந்தப் பண்ணில் உயர்த்தவும் வேண்டாம். இதைவிடப் பொருத்தமான இசை இந்தப் பாட்டுக்கு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

தேவாரம் பாடிய இன்னொருவரான சுந்தரர் இன்னும் ஒருபடி மேலே போகிறார். பார்வை இழந்து திருவாரூர் வந்து, நீராவது நன்றாக இரும் என்று இறைவனையே கோபித்துக்கொள்கிறார். அந்தப் பதிகத்தின் பண் செந்துருத்தி. தேவாரத்தில் அந்தப் பண்ணில் இருப்பது அது ஒன்றுதான். இன்று அதைப் பாடும் ராகம் மத்தியமாவதி, கச்சேரிகளில் மங்களம் பாடும் ராகம். கோபத்தின் அடியில் மங்களம் ஒலிப்பதைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, சந்தி பிரித்துக் கையால் எழுதுங்கள். கண் தாண்டிப் போகிற சொல்லிலும் கை தங்கும். நான் எழுதியபோது நான்காம் நாள், பாட்டுக்குக் கீழே, அப்பாவைப் பற்றி இரண்டு வரி தானாக வந்தது. வந்தால் தடுக்காதீர்கள்.

ஒலிப்பதிவு போதும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஓதுவார் இருக்கிற கோயில்களில் தீபாராதனைக்குப் பின் பஞ்சபுராணம் பாடுவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஐந்து பாட்டு, சில நிமிடங்கள்தான். தாளக்கட்டு இல்லாமல் பாடுவதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். பெரும்பாலும் அதற்குள் கூட்டம் விபூதி வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் நில்லுங்கள். அவர் பாடி முடித்ததும், திருவதிகைப் பதிகத்தில் ஒரு பாட்டு பாட முடியுமா ஐயா என்று கேளுங்கள்.