கலங்கலும் தெளுவும்

அமெரிக்காவில் சில வருஷங்களுக்கு முன் ஒரு வழக்கு நடந்தது. கோர்ட்டில் அல்ல, குடிப்பவர்களுக்கும் காய்ச்சுபவர்களுக்கும் இடையில். கலங்கலாக, பழரசம் போலிருக்கும் ஒரு பீரைத் தனி வகை என்று ஒப்புக்கொள்வதா, அல்லது பழைய வகை ஒன்றைச் சரியாகக் காய்ச்சத் தெரியாதவர்கள் செய்த கோளாறு என்று தள்ளிவிடுவதா என்பதுதான் விவகாரம். இதைப் பற்றி ஒரு தமிழ் நாவலாசிரியன் கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். தனி வகை என்று ஒன்றை எதை வைத்துச் சொல்கிறோம் என்பது இலக்கிய விமரிசனத்தின் அடிப்படையான கேள்விகளில் ஒன்று. அது பீப்பாயிலிருந்து கிளம்பினாலும் பானையிலிருந்து கிளம்பினாலும் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்விதான்.

அந்தப் பழைய வகைக்குப் பெயர் இந்தியா பேல் ஏல். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர, இந்தியனுக்கும் அதற்கும் அதிக சம்பந்தமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் ஹாட்ஜ்ஸன் என்பவருடைய சாலையிலிருந்தும், 1820-களுக்குப் பிறகு பர்ட்டன் என்ற ஊரிலிருந்தும், கல்கத்தாவிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர்களுக்காகக் கப்பலேறி வந்த சரக்கு அது. ஹாப்ஸ் என்ற கொடியின் பூ அதற்குக் கசப்பைக் கொடுத்தது. மாதக்கணக்கான கடல் பிரயாணத்தில் கெடாமலும் காத்தது. சென்னை துரைமார் மேஜையில் அது நுரைத்த நாட்களில், சேலத்துச் சமவெளியில் வெண்ணந்தூர்க்காரன் பனைமரத்தடியில் என்ன குடித்தானோ அதற்கும் இதற்கும் உறவே கிடையாது.

இருநூறு வருஷம் கழித்து, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், வெர்மாண்ட் ராஜ்யத்தில், வாட்டர்பரி என்ற சிற்றூரில் 2003-இல் ஒரு சின்னக் கடை திறந்தார்கள். அங்கே காய்ச்சிய ஹெடி டாப்பர் என்ற பீர்தான் புதிய வகைக்கு மூதாதை என்று பலரும் சொல்கிறார்கள். அதன் வழியில் வந்தவர்கள் பார்லியோடு ஓட்ஸும் கோதுமையும் சேர்த்தார்கள். ஹாப்ஸைக் கொதிக்கும்போது போடுவதைக் குறைத்து, ஆறின பிறகும் புளிக்கிறபோதும் அள்ளிப் போட்டார்கள். கசப்பு அடங்கியது, ஆரஞ்சும் மாம்பழமும் போல வாசனை எழுந்தது. தானியத்தின் புரதமும் ஹாப்ஸின் துவர்ப்புச் சத்தும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பானம் கலங்கி நின்றது. 2018-இல் அமெரிக்கக் காய்ச்சுபவர்களின் சங்கம் இதைத் தன் ஜாபிதாவில் தனி வகையாகச் சேர்த்தது. 2021-இல் போட்டி நடுவர்களின் அமைப்பும் தன் ஜாபிதாவில் இதற்கு ஓர் இடம் கொடுத்தது.

எதிர்த்தவர்கள் சொன்னது, பீர் தெளிந்திருப்பதே தொழில் திறமைக்கு அடையாளம் என்பது. ஆதரித்தவர்கள் சொன்னது, ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்களே, வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்பது. இரண்டுமே எனக்குத் திருப்தி தரவில்லை. முதல் வாதம் பழைய வகையின் அளவுகோலைப் புதியதன் மேல் வைத்து, குறைகிறது என்கிறது. இரண்டாவது வாதம் இன்னும் மோசம். வாரப் பத்திரிகைத் தொடர்கதை லட்சக்கணக்கில் விற்றதனால் இலக்கியத்தில் ஒரு புதிய வகை தோன்றிவிட்டது என்று சொல்ல முடியுமா? விற்பனை விற்பனையை மட்டும்தான் நிரூபிக்கும்.

இன்னொரு விஷயம். பீரில் வகைகள் உண்டு என்று இன்று நாம் சொல்கிற முறையே பழையதல்ல. மைக்கேல் ஜாக்ஸன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் (பாடகர் வேறு, இவர் வேறு) 1977-இல் வெளியிட்ட உலக பீர் வழிகாட்டி என்ற புஸ்தகம்தான் ஊருக்கு ஊர் இருந்த பானங்களை இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குணம் சொல்லி வைத்தது. அதாவது, காய்ச்சினவன் வகை செய்யவில்லை, விமரிசகன் செய்தான். காய்ச்சினவன் தனக்குப் பிடித்ததைக் காய்ச்சினான். நம் இலக்கணக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். இலக்கியம் முன்னால் போகும், இலக்கணம் பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

அப்படியானால் பின்னால் வருகிற விமரிசகனுக்கு அளவுகோல் எது? என் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனக்கென்று ஒரு குறை இருக்கிறதோ அதுதான் தனி வகை. குணத்தை யாரும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். குறையை இரவல் வாங்க முடியாது. வெண்பாவில் தளை தட்டினால் அது வெண்பாவின் குறை. புதுக்கவிதையில் தளை தட்ட வழியில்லை. 1959-இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ந. பிச்சமூர்த்தியின் கவிதைகளையும் இளைஞர்களின் கவிதைகளையும் போட்டபோது, யாப்புத் தெரியாதவர்களின் வேலை என்றுதான் பண்டிதர்கள் சொன்னார்கள். அந்தச் சண்டை எப்போது தீர்ந்தது? நல்ல புதுக்கவிதைகள் வந்தபோது கூட அல்ல. மோசமான புதுக்கவிதை எது என்று சொல்ல முடிந்தபோது. வசனத்தை முறித்துப் போட்டிருக்கிறான், படிமத்தின் மேல் படிமமாக அடுக்கி மூச்சு முட்ட வைக்கிறான் என்று வாசகன் முகத்தைச் சுளித்தபோது, அவனை அறியாமலே அது தனி வகை என்று ஒப்புக்கொண்டுவிட்டான்.

கலங்கல் பீருக்கும் இந்தப் பரீட்சை பொருந்துகிறது. ஹாப்ஸ் மிஞ்சிப்போய்த் தொண்டையைச் சுடுகிற கார்ப்பு அதற்கே உரிய குறை. சுண்ணாம்புத் தூள் போல நாக்கில் படிவது இன்னொன்று. இந்தக் குறைகளைப் பழைய கசப்பு பீரின் அளவுகோலால் சொல்லவே முடியாது. ஆகவே அது தனி வகைதான். கலங்கியிருப்பதனால் மட்டும் அல்ல; கலங்கியிருப்பதிலும் நல்லது கெட்டது பிரிக்க முடிகிறது என்பதனால்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெண்ணந்தூர்ப் பக்கத்தில், அலவாய்மலையடியில் நிற்கிற பனைக்கு இந்தப் பரீட்சையை வைத்துப் பாருங்கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே அரிவாள், ஒரே ஆள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது தெளுவு. மற்ற ஜில்லாக்காரர்கள் பதநீர் என்பார்கள். தடவாவிட்டால் இறங்குவது கள். பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பானையிலும் நொதி இருக்கிறது. சொட்டத் தொடங்கிய நிமிஷத்திலேயே புளிப்பும் தொடங்கிவிடும். சுண்ணாம்பின் காரம்தான் அதைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் சுண்ணாம்பு.

இவை இரண்டு வகையா, ஒரே பானத்தின் இரண்டு நிலையா? குறையைக் கேளுங்கள். சுண்ணாம்பு தூக்கலாகிவிட்டால் நாக்கு வெந்துபோகும். அது தெளுவின் குறை. கள்ளுக்கு அந்தக் குறை வர வழியில்லை. பொழுது ஏற ஏறப் புளிப்பு முற்றிக் காடியாகப் போவது கள்ளின் குறை. தெளுவு கொஞ்சம் புளித்தாலே அது தெளுவாக இல்லை. ஆகவே இரண்டும் தனித்தனி வகை. பனையேறிகள் இதைப் புஸ்தகம் எழுதாமலே அறிந்திருந்தார்கள். இரண்டு பெயர் வைத்தார்கள்.

சட்டமும் இந்த இடத்தில் சரியாகத்தான் பார்த்தது. நாடு முழுவதும் திரும்பிப் பார்த்த மதுவிலக்கு, ராஜாஜியின் மந்திரிசபையால் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் முதலாக வந்தது சேலம் ஜில்லாவில்தான். வெண்ணந்தூர் அப்போது அந்த ஜில்லாவில் இருந்தது. 1997-இல்தான் நாமக்கல் மாவட்டத்துக்குப் போயிற்று. கள் போயிற்று, தெளுவு நின்றது. சட்டம் பானையின் உட்புறத்தைப் பார்த்துப் பிரித்தது. வெண்ணந்தூர் நெசவாளிக்கு இப்படிப்பட்ட பிரிவினை புதிதல்ல. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் துணியின் தோற்றத்தை விட்டுவிட்டு, அது எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்றுதான் கேட்கிறது.

தடுமாற்றம் அடுத்த படியில் வருகிறது. தெளுவையும் கள்ளையும் ஒரு விரல் சுண்ணாம்பை வைத்துப் பிரிக்கத் தெரிந்த நாம், கள்ளையும் சாராயத்தையும் பிரிக்க மறுத்துவிட்டோம். 1971-இல் மதுவிலக்கை நிறுத்தி வைத்தபோதும், 1981-இல் மறுபடி கடைகளைத் திறந்தபோதும், 1987 ஜனவரி 1-ஆம் தேதி முதல் மூடியபோதும் 'கள்ளு சாராயம்' என்று இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னோம். கள் புளித்த சாறு. சாராயம் காய்ச்சி வடித்தது. போதையில் கள் சாதாரண பீருக்கு அண்டை வீடு, சாராயத்துக்குத் தூரத்து ஊர். 2003 முதல் அரசாங்கமே கடை வைத்து பீர் விற்கிறது. பிராந்தி, விஸ்கியும் விற்கிறது. கள்ளுக்கு மட்டும் கதவு திறக்கவில்லை.

கள்ளுக்கடையைத் திற என்று கோஷம் போடுவது என் நோக்கம் இல்லை. 1937-இல் சேலம் ஜில்லாப் பெண்கள் அந்தச் சட்டத்தை வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. கூலியைக் கடையில் விட்டுவிட்டு வருகிற புருஷனுக்காகக் காத்திருந்தவளிடம் போய் வகைப்பாடு பேச முடியாது. கள்ளில் கலப்படம் செய்வது சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம் என்று சொல்வதும் நேர்மையான காரணம்தான். மூடுவதானால் அந்தக் காரணத்தைச் சொல்லி மூடலாம். கள்ளும் சாராயமும் ஒன்றுதான் என்று சொல்லி மூடுவது தவறான விமரிசனம். தவறான விமரிசனத்துக்குக் கூலி கொடுக்கிறவன் விமரிசகன் அல்ல, பனையேறி. அவன் அரிவாளை வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறபோது மரம் மட்டும் நிற்பதில்லை. எந்தப் பாளை இனிக்கும், எந்த நேரத்துக் கள் பதம், எது முற்றினது என்று நாக்கால் பிரித்த ரசனையும் கேட்பாரற்று நிற்கிறது.

இந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் கடந்தும் கெடாமல் இருப்பதற்குப் பேர் போனது இந்தியப் பெயர் கொண்ட அந்த பீர். அதன் கலங்கல் பேரனோ நாள்பட்டால் வாசனை போய்விடுகிறது என்று காய்ச்சின இடத்தின் வாசலிலேயே வரிசையில் நின்று வாங்கப்படுகிறான். கலங்கல், குறைந்த ஆயுள், சொந்த ஊர் விட்டுப் போகாத குணம்: இவை மூன்றும் நம் கள்ளின் லட்சணங்கள். இந்தியாவின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்த பானம் இந்தியக் குணத்தை அடைவதற்கு இருநூறு வருஷம் பிடித்திருக்கிறது. அதற்கு அங்கே சங்கம் கூடித் தனி இடம் ஒதுக்கினார்கள். அந்தக் குணங்கள் முன்பே குடியிருந்த பனங்கள்ளுக்கு இங்கே சாராயத்தின் வாலில்தான் இடம்.