புதுக் கைப்பேசியின் மெருகு: அளவுகோல் யார் கையில்?

விலை கொடுத்து வாங்கிய புதுப் பொருளில் கீறல் இருந்தால் அது குறையா, இல்லையா? ஒரு பித்தளைக் குடத்தைப் பற்றி இக்கேள்வியைக் கேட்டால் விடை எளிது. குடத்தைத் திருப்பிப் பார்ப்போம், தட்டிப் பார்ப்போம், சொட்டை இருந்தால் வேறு குடம் கேட்போம். கடைக்காரரும் மறுபேச்சின்றி மாற்றித் தருவார். ஐம்பதாயிரம், எழுபதாயிரம் ரூபாய் விலையுள்ள கைப்பேசியைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடை குழம்பிவிடுகிறது. பெட்டியைப் பிரித்தவுடன் ஓரத்தில் ஒரு சிராய்ப்பு தென்பட்டால், "இது வெறும் தோற்றக் குறை, பேசுவதற்கு ஒன்றும் தடையில்லையே!" என்ற பதில் வாங்கியவருக்குப் புதிதன்று.

கைப்பேசியில் கீறல் விழுவதே தவறு என்பது நமது வாதமன்று. உலோகமும் கண்ணாடியும் தேயும் இயல்புடையவை. ஆனால் புதுப் பொருளில் எவ்வளவு கீறல் இருக்கலாம் என்பதற்குத் தொழிற்சாலைக்குள் எழுதப்பட்ட அளவுகோல் உண்டு. பணம் கொடுப்பவருக்கு மட்டும் அது காட்டப்படுவதில்லை. இவ்வழக்கம் அறிவியலுக்கும் பொருந்தாது, நியாயத்திற்கும் பொருந்தாது என்பதை இங்கே காண்போம்.

மெருகின் அறிவியல்

அலுமினியம் மென்மையான உலோகம். காற்றுப் பட்டவுடன் அதன் மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று தானாகவே உண்டாகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்களே. அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் சில கூறுகள். இப்படலத்தைச் செயற்கையாகத் தடிக்கச் செய்யும் முறைக்கு அனோடைசிங் என்று பெயர். நீர்த்த கந்தக அமிலத் தொட்டியில் அலுமினியத் துண்டைத் தொங்கவிட்டு, அதை நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்தினால், உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிப் படலம் வளர்கிறது. பெயின்டைப் போல இது வெளியிலிருந்து பூசப்படுவதன்று, உலோகத்திலிருந்தே விளைவது.

இப்படலத்தில் தேன்கூட்டைப் போல நுண்துளைகள் நிறைந்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட துளைகள்! இவற்றில் சாயத்தை ஏற்றிப் பின் கொதிநீரில் இட்டால், துளைவாய்கள் அடைபட்டு நிறம் நிலைத்துவிடும். ஜன்னல் சட்டங்களுக்கும் இயந்திர உறுப்புகளுக்கும் கோவைப் பட்டறைகளில் செய்யப்படும் வேலையும், விலையுயர்ந்த கைப்பேசியின் அலுமினிய உறைக்குச் செய்யப்படும் வேலையும் அடிப்படையில் ஒன்றே.

அழகுக்காக வளர்க்கப்படும் படலத்தின் தடிமன் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான் வரை இருக்கும். மனிதத் தலைமயிரின் தடிமனோ சுமார் 70 மைக்ரான். படலம் கடினமானது, அதன் அடியிலுள்ள உலோகமோ மென்மையானது. மெத்தையின் மேல் வைத்த அப்பளத்தை விரல் நுனியால் அழுத்தினால் என்ன ஆகும்? அப்பளம் தானாக வளையாது, அடியில் தாங்குவதற்கும் ஒன்றுமில்லை, எனவே நொறுங்கும். படலமும் அவ்வாறே. அது நொறுங்கிய இடத்தில் உலோகத்தின் வெள்ளி நிறம் பளிச்சிடும். உறை கறுப்பாகவோ கருநீலமாகவோ இருந்தால் அந்த வெண்மை இன்னும் எடுப்பாகத் தெரியும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. படலம் பரப்புக்குச் செங்குத்தாக வளர்கிறது. இரு பரப்புகள் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்பில், இரு பக்கத்துப் படலங்களும் வெவ்வேறு திசையில் வளர்வதால் இடையே வெடிப்பு உண்டாகிறது. ஆகவே கூர்விளிம்பில் படலம் வலுவிழந்து சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. விளிம்பை உருட்டி வளைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். கூர்விளிம்பும் அடர்நிறமும் வடிவமைப்பாளர் விரும்பி எடுக்கும் முடிவுகள். இயற்கை விதித்த விதிகள் அல்ல.

கண்ணாடியின் கதை வேறு. உருகிய பொட்டாசியம் நைட்ரேட்டில் கண்ணாடியை ஊறவைத்தால், அதிலுள்ள சிறிய சோடியம் அயனிகள் வெளியேறி, பெரிய பொட்டாசியம் அயனிகள் அவ்விடங்களில் புகுந்து நெருக்கிக்கொண்டு நிற்கும். இந்த நெருக்கமே கண்ணாடிக்கு வலுவூட்டுகிறது. எனினும் மோஸ் கடினத்தன்மை அளவில் இத்தகைய கண்ணாடி 6ஆம் படியில் கீறத் தொடங்குகிறது. குவார்ட்ஸ் மணலின் கடினத்தன்மை 7. எனவே சட்டைப் பையிலுள்ள நாணயத்தைவிட அங்கே ஒட்டியிருக்கும் மணல் துகளே கைப்பேசிக்குப் பெரும் பகை. வார்ப்படச் சாலை மணலில் புழங்குவோர் இதனை நன்கு அறிவர்.

2012ஆம் ஆண்டும் 2025ஆம் ஆண்டும்

2012 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 5 வெளிவந்தது. அதன் கறுப்பு நிற உறையின் விளிம்புகள் எளிதில் சிராய்த்துக்கொள்வதாகப் பலர் முறையிட்டனர். அவர்களுள் சிலர், பெட்டியைத் திறக்கும்போதே சிராய்ப்பு இருந்தது என்றனர். அலுமினியப் பொருள்கள் பயன்பாட்டில் கீறுபட்டு இயற்கை நிறத்தைக் காட்டுவது இயல்பே என்று அந்நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் துறைத் தலைவர் பில் ஷில்லர் ஒருவருக்கு எழுதிய பதில் அப்போது செய்தியாயிற்று. பயன்படுத்தியபின் விழும் கீறலுக்கு அது சரியான பதில்தான். பயன்படுத்தும் முன்பே இருந்த கீறலுக்கு அது எவ்வாறு பதிலாகும்?

இடையில் சில ஆண்டுகள் விலையுயர்ந்த மாதிரிகளுக்கு டைட்டானியம் பயன்பட்டது. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17 ப்ரோ மீண்டும் அலுமினியத்திற்குத் திரும்பியது. கடைகளில் காட்சிக்கு வைத்த பேசிகளிலேயே தழும்புகள் தென்பட்டன. அவற்றுட் சில, பேசியைத் தாங்கும் மேடையிலிருந்து ஒட்டிய துகள்களே என்றும் துடைத்தால் போய்விடும் என்றும் நிறுவனம் விளக்கம் தந்தது. ஆனால் கேமராப் பகுதியின் கூர்விளிம்பில் படலம் பெயர்வதை, பொருள்களைப் பிரித்து ஆராயும் ஐபிக்ஸிட் நிறுவனம் நுண்ணோக்கியின் வழியே காட்டியது. விளிம்பைப் பற்றி மேலே கூறிய அதே பாடந்தான். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி, ஏறக்குறைய அதே பதில்!

கழிவின் சுமை யாருக்கு?

இது தொலைதூரச் செய்தியன்று. இந்தப் பேசிகளின் உறைகள் கொங்கு நாட்டின் வடவெல்லையை ஒட்டிய ஓசூரில், டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தயாராகின்றன. அங்கு செய்யப்படும் உறைகளுள் ஏறத்தாழ இரண்டில் ஒன்றுதான் அடுத்த ஆலைக்கு அனுப்பும் தரத்தில் தேறுகிறது என்று 2023 பிப்ரவரியில் பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் எழுதியது. கழிக்கப்பட்டவை யாவும் கீறலுக்காகவே கழிக்கப்பட்டன எனக் கொள்ளலாகாது. அளவுப் பிசகும் காரணமாகலாம். மேலும் அது தொடக்க காலத்துக் கணக்கு. பின்னர் அந்நிறுவனம் முழுப் பேசிகளையே செய்யும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. எனினும் அச்செய்தி ஒன்றைத் தெளிவாக்குகிறது. உள்ளே ஓர் அளவுகோல் இருக்கிறது. அது மிகக் கண்டிப்பானது.

அந்தக் கண்டிப்பின் சுமை தொழிலாளர் மீதும் விழுகிறது. 2012 அக்டோபரில் சீனாவின் செங்சோ நகரிலுள்ள பாக்ஸ்கான் ஆலையில், ஐபோன் 5 செய்யும் தொழிலாளர் அளவுமீறிய தரக் கெடுபிடியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்ததாகத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்று அறிவித்தது. வேலைநிறுத்தம் நடக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. ஆனால் உற்பத்திப் பிரிவினருக்கும் தரம் பார்ப்போருக்கும் இடையே தகராறு நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டது.

ஆக, உறை செய்பவரிடம் மயிரிழைக் கீறலும் குறை. அதை வாங்குபவரிடம் கண்ணுக்குத் தெரியும் கீறலும் 'வெறும் தோற்றம்'. ஒரே பொருளுக்கு இரு நாக்குகள்! ஆப்பிளின் ஓராண்டு உத்தரவாதப் பத்திரம், பொருளிலோ வேலைப்பாட்டிலோ உள்ள குறையால் நேர்ந்தாலன்றி, கீறல், சொட்டை போன்ற தோற்றச் சேதங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது. எந்தக் கீறல் வேலைப்பாட்டுக் குறை, எது இல்லை என்பதற்கு அளவு ஏதும் அதில் இல்லை. மற்றக் கைப்பேசிகளை வாங்குவோருக்கும் அத்தகைய அளவு தரப்படுவதில்லை.

திருப்பூர் காட்டும் வழி

கண்ணால் பார்க்கும் குறையை எண்ணால் அளக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். அவர்கள் திருப்பூருக்கு ஒருமுறை சென்று வரலாம். அங்கே துணியைச் சோதிக்க நான்கு புள்ளி முறை என்ற கணக்கு வழக்கிலுள்ளது. 3 அங்குலம் வரையுள்ள குறைக்கு 1 புள்ளி. 6 அங்குலம் வரை 2. 9 அங்குலம் வரை 3. அதற்கு மேல் 4. நூறு சதுர கெஜத்துக்கு 40 புள்ளிகளைத் தாண்டினால் துணி பொதுவாக ஏற்கப்படாது. தைத்த ஆடைகளுக்கும் மாதிரி எடுக்கும் அட்டவணை உண்டு. 3,000 ஆடைகள் கொண்ட ஒரு சரக்கில் 125 ஆடைகளைப் பிரித்துப் பார்ப்பர். பெருங்குறைக்கு 2.5 என்ற வரம்பை ஒப்புக்கொண்டிருந்தால், 7 ஆடைகள் வரை குறையிருந்தால் சரக்கு தேறும். 8 ஆனால் திரும்பிவிடும். எந்த ஒளியில் பார்ப்பது என்பது முதல் எது பெருங்குறை, எது சிறுகுறை என்பது வரை வாங்குபவரும் விற்பவரும் முன்னரே எழுதிக்கொள்கின்றனர். தேறாத ஆடை குப்பைக்குப் போவதில்லை. 'செகண்ட்ஸ்' என்ற பெயரோடு காதர்பேட்டையில் குறைந்த விலைக்கு விற்கிறது. குறையும் தெரிகிறது, அதற்கேற்ற விலையும் தெரிகிறது. ஏமாற்றம் எவருக்கும் இல்லை.

கைப்பேசி ஆலைகளிலும் இதனையொத்த முறையே பின்பற்றப்படுகிறது. எப்போதும் கண்ணில் படும் முகம், பக்கவாட்டு, மறைந்த பகுதி என்று பரப்புகளை வகைப்படுத்தி, இத்தனை வெளிச்சத்தில், இவ்வளவு தூரத்திலிருந்து, இத்தனை நொடி பார்க்கையில் தென்படும் குறை எது என்று வரையறுக்கின்றனர். இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய கைப்பேசிகளை விற்போர், கீறலின் அளவைக் கொண்டு தரம் பிரித்து வெளிப்படையாக எழுதி விற்கின்றனர். பழையதை வாங்குபவருக்கு இருக்கும் இந்த வசதி புதியதை வாங்குபவருக்கு இல்லை!

மறுப்புகளும் விடைகளும்

அளவுகோலை வெளியிட்டால் வாங்கியவர் தாமே கீறிவிட்டு வந்து புதுப்பேசி கேட்பார் என்பது நிறுவனங்களின் முதல் மறுப்பாக இருக்கக்கூடும். இது நியாயமான அச்சமே. பெட்டி பிரிக்கும்போதே கடையில் இருவரும் சேர்ந்து பார்த்துக் கையொப்பமிடுவது என்று வைத்துக்கொண்டால் அவ்வச்சம் நீங்கும். இரண்டாவது, தொழில் இரகசியம் போய்விடும் என்பது. படலம் வளர்க்கும் செய்முறை இரகசியமாக இருக்கட்டும். படலத்தின் தடிமன் ஏன் இரகசியம்? அலுமினியத்தின் மேலுள்ள இப்படலத்திற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1868 என்ற எண்ணில் உண்டு. தடிமனைக் கொண்டே அதில் வகை பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டு ஜன்னல் சட்டம் வாங்குபவர் "எத்தனை மைக்ரான்?" என்று கேட்டு வாங்க முடிகிறது. அதைவிடப் பன்மடங்கு விலையுள்ள பொருளுக்கு அக்கேள்வியைக் கேட்க இடமில்லை.

அரசு தலையிட்டால் இது நடவாததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கைப்பேசித் திரை மோஸ் அளவில் 4ஆம் படிக் கீறலைத் தாங்க வேண்டும். கீழே விழுந்தால் தாங்கும் திறன் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பது விலைச்சீட்டோடு காட்டப்பட வேண்டும். 4ஆம் படி என்பது மிகத் தாழ்ந்த வரம்புதான். ஆயினும் அளவை எழுதி வெளியிடலாம் என்ற கொள்கை அங்கே நிலைபெற்றுவிட்டது.

நமது சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(10)ஆம் பிரிவு, பொருளின் தரத்தில் உள்ள நிறைவின்மையையும் குறை என்றே கொள்கிறது. ஆனால் அந்த நிறைவின்மையைச் சட்டமோ, ஒப்பந்தமோ, விற்பவரின் கூற்றோ விதிக்கும் தரத்தோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். எழுதப்பட்ட தரம் கையில் இல்லாதபோது வழக்காடுபவரின் வாதம் மெலிந்துபோகிறது. அளவுகோலை மறைப்பதன் உண்மையான பயன் இதுவே எனலாம்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. படலத்தின் தடிமனையும் கண்ணாடியின் கீறல் தாங்கும் படியையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். புதுப்பேசியில் ஏற்கத்தக்க குறை எது என்ற வரையறையை, பார்க்கும் தூரம், வெளிச்சம் ஆகியவற்றோடு வெளியிட வேண்டும். அதில் தேறாத, ஆனால் செவ்வனே இயங்கும் பேசிகளைத் திருப்பூர் 'செகண்ட்ஸ்' போல அடையாளமிட்டுக் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். மூன்றாவது நடந்தால், சிறு வடுவுக்காக ஒரு பொருளை உருக்கி மீண்டும் செய்யும் வீண் செலவும் குறையும்.

அதுவரை வாங்குவோர் செய்யத்தக்கது எளியது. கடையிலேயே பெட்டியைப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில், விளிம்புகளையும் கேமராவைச் சுற்றியுள்ள பகுதியையும் சாய்த்துப் பார்த்து, குறையிருந்தால் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நியாயம் கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்கிய நம் பாட்டிமார் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதே உரிமை கைப்பேசிக்கும் உண்டு.