பிரசங்கத்தின் கடைசிப் பத்து நிமிடம்

நம் இலக்கியக் கூட்டங்களில் ‘பிரசங்கம்’ ஒரு வசைச்சொல். ஒரு சிறுகதையைத் தள்ளிவிட வேண்டுமென்றால், “கடைசியில பிரசங்கமா போச்சு” என்று சொன்னால் போதும். எழுதியவர் தலையைக் குனிந்துகொள்வார். மற்றவர்கள் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். எந்தப் பிரசங்கம், யாருடைய பிரசங்கம் என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் இந்த நாட்டில் சபைக்குப் போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் நாற்பது நிமிடப் பிரசங்கம் என்றாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 35 மணி நேரம் அவர்கள் தொடர்ச்சியான தமிழ் உரைநடையைக் காதால் கேட்கிறார்கள். நாவல் படிக்காதவர்கள், நாளிதழைப் புரட்டாதவர்கள்கூடக் கேட்கிறார்கள். நம் எழுத்தாளர்களில் யாருக்கு இப்படி ஒரு வாசகர் கூட்டம் இருக்கிறது? நான் கிறிஸ்தவன் அல்ல. என் சின்னம்மா கிறிஸ்தவர். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட பிரசங்கங்களும், பிறகு தேடி வாசித்த பழைய பிரசங்கங்களும்தான் இந்தக் கட்டுரைக்கு அடிப்படை.

நமக்கும் பிரசங்கத்துக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் என்ற வெஸ்லியன் மிஷனரியோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் ஆறுமுக நாவலர். அதே நாவலர் 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் தன் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிர்த்த தரப்பின் வடிவத்தையே கையில் எடுத்தார். தமிழ் மேடைப்பேச்சின் வேர் இந்தப் புரட்டஸ்தாந்துப் பிரசங்கத்தில் இருக்கிறது என்று பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு நூலே எழுதினார். அவர் மறைந்த பிறகு, 2021இல் அது வெளிவந்தது. அரசியல் மேடை, இலக்கிய மேடை, பட்டிமன்றம் எல்லாவற்றுக்கும் இந்த முன்னோரோடு ஏதோ ஒரு உறவு உண்டு. ஆகவே பிரசங்கத்தை விமர்சிப்பது பக்கத்து வீட்டுக்காரரை விமர்சிப்பது ஆகாது.

பிரசங்கங்களில் ஒரு வகை மிகச் சாதாரணமானது, மிகக் கடினமானதும்கூட. ‘விசுவாசத்தை வாழ்ந்து காட்டுங்கள், தேவபயத்தில் நிலைத்திருங்கள்’ என்னும் வகை. ஏன் கடினம் என்றால், மனந்திரும்புதலுக்குக் கதை இருக்கிறது. குடிகாரன் திருந்தினான், நோயாளி எழுந்தான், எதிரி மண்டியிட்டான். நிலைத்திருப்பதற்கு நாட்காட்டி மட்டும்தான் இருக்கிறது. திங்கள், செவ்வாய், புதன். நேற்று செய்ததையே இன்றும் செய்கிற ஒருவரைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிப் பாருங்கள். சிறுகதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிரமம் தெரியும்.

மொழியிலேயே ஒரு சிக்கலும் உண்டு. ‘பயபக்தி’ என்ற தமிழ்ச்சொல் பயத்தையும் பக்தியையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் தக்வாவை ‘இறையச்சம்’ என்பார்கள். அச்சம் எங்கே முடிகிறது, அன்பு எங்கே தொடங்குகிறது என்று இந்தச் சொற்கள் சொல்வதில்லை. பிரசங்கிதான் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எது மேலே வருகிறதோ அதுவே அந்தப் பிரசங்கத்தின் குணமாகிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள ஒரே மாதத்தில் நிகழ்த்தப்பட்ட இரண்டு பிரசங்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். இரண்டுமே 1741 ஜூலை.

ஜூலை 8ஆம் தேதி, பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றப் பகுதியில் இருந்த என்ஃபீல்ட் என்னும் சிற்றூரில் ஜோனதன் எட்வர்ட்ஸ் பேசினார். கோபம் கொண்ட கடவுளின் கையில் பாவிகள் என்பது பொருள். நெருப்புக்கு மேலே நூலில் தொங்கும் சிலந்தி, நாணேற்றி நெஞ்சுக்குக் குறிவைத்த வில், அணைக்குப் பின்னால் உயர்ந்துகொண்டே போகும் வெள்ளம் என்று படிமம் மேல் படிமமாக அடுக்கினார். கேட்டவர்கள் அலறியதில் பிரசங்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று என்று அங்கிருந்த ஒரு போதகரின் நாட்குறிப்பு சொல்கிறது. மொழியாக மட்டும் பார்த்தால் அசாத்தியமான பிரசங்கம் இது. எட்வர்ட்ஸ் நெருப்பை விவரிப்பதைவிட, உங்கள் காலுக்குக் கீழே தரை இல்லாததைத்தான் அதிகம் விவரிக்கிறார். அமெரிக்க இலக்கியம் படிக்கிற மாணவர்களுக்கு இன்றும் இது பாடமாக இருப்பதில் வியப்பில்லை.

ஜூலை 25ஆம் தேதி, ஆக்ஸ்ஃபர்டில் செயின்ட் மேரி தேவாலயத்தில் பல்கலைக்கழகத்தார் முன் ஜான் வெஸ்லி பேசினார். தலைப்பே ‘ஏறக்குறையக் கிறிஸ்தவன்’ என்பதுதான். அவர் ஒரு நல்ல மனிதரை வரைந்து காட்டுகிறார். திருட மாட்டார், பொய் சொல்ல மாட்டார், ஏழைக்கு உதவுவார், ஆலயத்தில் ஒழுங்காக உட்காருவார், வீட்டில் குடும்ப ஜெபம் நடத்துவார், எல்லாவற்றையும் மனதாரச் செய்வார். கேட்கிறவர் ‘இது நான்தான்’ என்று நிமிரும் இடத்தில், இவ்வளவும் செய்து ஏறக்குறையக் கிறிஸ்தவனாக மட்டுமே இருக்க முடியுமா என்று கேட்கிறார். முடியும், நானே பல வருடம் அப்படித்தான் இருந்தேன் என்கிறார். கடவுளையும் அயலாரையும் நேசிக்கிறாயா என்ற கேள்விக்கு அதன் பிறகுதான் வருகிறார்.

வெஸ்லியின் மொழியில் எட்வர்ட்ஸின் மின்னல் இல்லை. இலக்கிய வாசகராக நீங்கள் எட்வர்ட்ஸைத்தான் முதலில் விரும்புவீர்கள். ஆனால் பயம் ஒரு கணத்தை மட்டுமே உருவாக்குகிறது. நூலில் தொங்குகிறவனுக்கு இந்த நொடியைத் தவிர வேறு காலம் கிடையாது. வெஸ்லியின் நல்ல மனிதருக்கு ஒரு வாரம் இருக்கிறது, வீடு இருக்கிறது, அயலார் இருக்கிறார்கள். நிலைத்திருத்தலைப் பேச அந்த வாரம் வேண்டும்.

எட்வர்ட்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. உண்மையான பக்தியின் அடையாளங்களைப் பற்றி 1746இல் அவர் எழுதிய நூலில், பன்னிரண்டாவது அடையாளமாக வாழ்க்கையில் காட்டும் நடத்தையைத்தான் வைத்தார். மற்றவற்றைவிட அதற்கே அதிக எடை கொடுத்தார். ஆனால் அதே எட்வர்ட்ஸ் 1731இல் நியூபோர்ட்டில் வீனஸ் என்ற சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கியிருந்தார். அவளுக்கு வயது பதினான்கு அளவில். நடத்தையே சான்று என்று எழுதிய வீட்டுக்குள் இன்னொருவரின் பிள்ளை உடைமையாக இருந்தது. இது எட்வர்ட்ஸின் தனிப்பட்ட குறை மட்டும் ஆகாது. ‘நடத்தை’ என்ற சொல் யாருடைய வீட்டு விலாசமும் இல்லாமல் மேடையில் நிற்கும்போது எதுவெல்லாம் தப்பித்துப்போகும் என்பதற்கு இது சாட்சி. வெஸ்லிக்கும் வீட்டில் தோல்வி உண்டு. அவருடைய மனைவி அவரைவிட்டுப் பிரிந்துபோனார்.

பழைய பிரசங்கங்களின் கடைசிப் பகுதிக்குப் ‘பிரயோகம்’ என்று பெயர். விளக்கிய வசனத்தை எதிரில் இருப்பவர்களின் வாழ்க்கையில் பொருத்திக் காட்டும் இடம். பிரசங்கம் உயிரோடு இருக்கிறதா என்று அங்கேதான் தெரியும். 1744 ஆகஸ்ட் 24 அன்று வெஸ்லி மீண்டும் அதே செயின்ட் மேரியில் பேசினார். முதல் மூன்று பகுதிகளுக்கு யாருக்கும் மறுப்பு இருந்திருக்காது. நான்காவதில், இந்த நகரம் கிறிஸ்தவ நகரமா என்று கேட்டார். கல்லூரித் தலைவர்களை, ஆசிரியர்களை, மாணவர்களை நேராகப் பார்த்துத் தனித்தனியாகக் கேட்டார். அதன் பிறகு பல்கலைக்கழகத்தார் முன் பேச அவரை யாரும் அழைக்கவில்லை.

இந்த அனுபவம் தமிழுக்கும் உண்டு. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை முழுதாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அன்பு, சமாதானம், பரிசுத்தம் பற்றித் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய தமிழ்ச் சபைகள் அவை. யார் பக்கத்தில் உட்காருவது, யாருக்குப் பிறகு பாத்திரத்தில் குடிப்பது என்று விஷயம் வந்தவுடன் தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் எழுந்து வெளியே போனது. பிரயோகம் வந்தபோதுதான் பிரசங்கம் அவர்கள் காதில் விழுந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நான் கேட்ட பெரும்பாலான பிரசங்கங்கள் இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று வழிகளில் நழுவிவிடுகின்றன.

முதலாவது, பெயர்ச்சொல் அடுக்கு. விசுவாசம், பரிசுத்தம், கீழ்ப்படிதல், தாழ்மை, பொறுமை என்று குரல் ஏற ஏறச் சொல் கூடும். வினைச்சொல் ஒன்றுகூட வராது. யார், எப்போது, எதைச் செய்ய வேண்டும் என்பது இல்லாமலே ‘ஆமென்’ வந்துவிடும். இரண்டாவது, இல்லாதவர்களுக்கான பிரசங்கம். ‘இந்த உலகத்து ஜனங்கள்’ குடிக்கிறார்கள், சினிமா பார்க்கிறார்கள், விக்கிரகத்தை வணங்குகிறார்கள். அந்த ஜனங்கள் யாரும் அந்த அறையில் இல்லை. இருப்பவர்கள் நிம்மதியாகத் தலையாட்டுகிறார்கள். மூன்றாவது, பேரம். பொறுத்திருங்கள், அடுத்த மாதம் வேலை உயர்வு, அடுத்த வருடம் வீடு. நிலைத்திருத்தல் தவணைக் கட்டணம்போல் ஆகிவிடுகிறது. வீடு வராத வருடம் அந்த மனிதர் என்ன செய்வார் என்பதற்குப் பிரசங்கத்தில் ஒரு வரியும் இருக்காது.

சின்னம்மாவுக்கு விமர்சனக் கோட்பாடு எதுவும் தெரியாது. அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. ஆனால் காரில் ஏறியதும் அவர் சொல்வதைவிடத் துல்லியமான மதிப்புரையை நான் படித்ததில்லை. “நல்லாதான் பேசுனாரு ஐயா. என்ன செய்யச் சொன்னாரு?” பதில் இல்லாத வாரம் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பதில் கிடைத்த ஒரு வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடைவீட்டு மாடியில் இயங்கும் சின்னச் சபை. கீழே டயர் கடை. போதகர் பெரிய பேச்சாளர் இல்லை, மைக்கும் சரியில்லை. யாத்திராகமத்தில் மோசே மலைமேல் கைகளை உயர்த்தி நிற்கும் கதையை எடுத்துக்கொண்டார். கை உயர்ந்திருக்கும்வரை இஸ்ரவேலுக்கு வெற்றி. கை தாழ்ந்தால் தோல்வி. ஆரோனும் ஊரும் அவரை ஒரு கல்லில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் கையைத் தாங்கிப் பிடித்தார்கள். இதை வழக்கமாக ஜெபத்தின் வல்லமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். இவர் கைவலியைப் பேசினார். மோசேக்கு விசுவாசம் குறையவில்லை, தோள்தான் வலித்தது என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்து, “நம்ம சபையில மூணு பேரு டயாலிசிஸ் போறாங்க. செவ்வாய், வியாழன், சனி. யாரு வண்டியில கொண்டுபோய் விடறது? கையைத் தூக்குங்க” என்றார். அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. லோரி ஓட்டும் ஒருவர் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னொருவர். தேவபயம் என்ற சொல்லை அன்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதாக நினைவில்லை. ஆனால் அந்த அமைதியில் பயம் இருந்தது. கையைத் தூக்காமல் இருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம் கொஞ்சம். தூக்கினால் செவ்வாய்க்கிழமை விடியற்காலை எழ வேண்டுமே என்ற பயம் கொஞ்சம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். ஆறு நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவருக்குக் கட்டளை எதற்கு, ஆறுதல்தானே வேண்டும்? நியாயமான கேள்வி. பேரத்தையும் பெயர்ச்சொல் அடுக்கையும் ஆறுதல் என்று எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த மாடியில் அன்று ஆறுதல் அடைந்தவர்கள் அந்த மூன்று பேர். இனி வண்டிக்கு யாரிடம் கேட்பது என்று அவர்கள் யோசிக்க வேண்டியதில்லை.

எழுதுகிற நண்பர்களுக்கும் இதில் ஏதோ இருக்கிறது. பிரசங்கமாகிவிடும் என்று பயந்து நம் கதைகள் யாரிடமும் எதையும் கேட்காமல் முடிகின்றன. கதையைக் கெடுப்பது கேள்வி கேட்பதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. இல்லாதவர்களைப் பார்த்துக் கேட்பதும், பெயர்ச்சொற்களில் கேட்பதும்தான் கெடுக்கின்றன.

பழைய பிரசங்கங்களை வாசிக்க விரும்புகிறவர்கள் அந்த 1741 ஜூலை இரண்டிலிருந்தே தொடங்கலாம். வாசித்த பிறகு ஒரு தகவலையும் சேர்த்துப் பாருங்கள். அடிமை வியாபாரத்தை எதிர்த்து வெஸ்லி 1774இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பதினேழு வருடம் கழித்து, 1791 பிப்ரவரி 24ஆம் தேதி, எண்பத்தேழு வயதில், நாடாளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்த இளம் உறுப்பினர் வில்லியம் வில்பர்போர்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சோர்ந்துவிடாதே, அடிமைமுறை ஒழியும்வரை விடாதே என்பது அதன் சாரம். மார்ச் 2ஆம் தேதி இறந்துபோனார். அவர் எழுதியதாக நமக்குக் கிடைத்திருக்கும் கடைசிக் கடிதம் அதுதான்.